மூட்டை வாய்க்கு ஒரு சேலை

பிச்சைமுத்துவின் ஆயுசில் பாதி மூட்டைகளோடு போயிற்று. மீசை அரும்பும் வயதில் ரெட்டிபாளையத்துக்குப் போய், சிமெண்டு மூட்டையை லாரியில் ஏற்றுகிற ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தவர், முட்டி தேய்ந்து, இருமல் நிரந்தரமாக வந்து உட்கார்ந்துகொண்ட பிறகுதான் வெளியே வந்தார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் பண்ணையாளாக இருந்து செத்தவர். மகனுக்குக் குன்னத்துக்குக் கிழக்கே கொஞ்சம் கரிசல் காடும் ஒரு மாட்டுக் கொட்டகையும் சொந்தமாக அமைந்ததற்கு, மகன் தூக்கிய மூட்டைகளைவிட மருமகள் பிடித்த பிடிவாதம்தான் காரணம். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பிச்சைமுத்துவும் அதையேதான் சொல்வார்.

அந்த மருமகள், பிச்சைமுத்துவின் பெண்டாட்டி, பெயர் வெற்றிச்செல்வி. கட்சிக்காரத் தகப்பன் ஒரு தேர்தல் ஜெயித்த சந்தோஷத்தில் வைத்த பெயர். பிச்சைமுத்துவுக்கு அவள் செல்வி. அவளுக்கு அவர் ‘ஏங்க’. ஒரே மகள் பிரவீணா நர்ஸ் படிப்பு முடித்துத் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி அங்கேயே குடியிருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் செவலையும்தான்.

செவலை அந்தக் கொட்டகையிலேயே பிறந்த மாடு. பிறந்த அன்றே தாய் மடி கொடுக்காமல் உதைத்துவிட்டதால், செல்வி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். வளர்ந்த பிறகும் அது மாடாக நடந்துகொண்டதில்லை. செல்வி கடைக்குப் போனால் வாசல் வரை கத்தும். திரும்பி வந்தால் முந்தானையைக் கவ்வும். ‘புருசனக்கூட இந்தப் பார்வை பாக்கல இவ’ என்று பிச்சைமுத்து அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்வாரே தவிர, அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

செல்வியிடம் ஒரு பழக்கம் இருந்தது. வைக்கோலோ சோளத்தட்டையோ எதுவானாலும், தொட்டியில் போடுவதற்கு முன்னால் சாக்கை விரித்து அதில் கொட்டி, விரலால் அளைந்து பார்ப்பாள். ஒரு தடவை விலைக்கு வாங்கிய வைக்கோல் கட்டில் துண்டுக் கம்பி ஒன்று கிடந்ததைக் கண்டுபிடித்ததிலிருந்து பிடித்த பழக்கம். மாடு நம்மைப் போல மென்று பார்த்துத் துப்பாது, வாயில் வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு அப்புறம்தான் அசைபோடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“மாட்டுக்குச் சோறு பெசையிறியா செல்வி? அப்படியே உருட்டி வாயிலயும் ஊட்டிவுடு” என்பார் பக்கத்துக் காட்டு நடராசன்.

“நீங்க சிரிங்கண்ணே. வாயில்லா சீவன், அதுக்கு நான்தான பாக்கணும்” என்பாள் அவள், விரலை நிறுத்தாமல்.

பிச்சைமுத்து அளைந்து பார்க்கிற ஆள் இல்லை. மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு அள்ளிப் போடத்தான் தெரியும். அவர் தீவனம் வைக்க வந்தால் செல்வி கையிலிருந்து கூடையைப் பிடுங்கிக்கொள்வாள்.

மக்காச்சோளத்தை ஊறப்போடுகிற வித்தையையும் அவள்தான் கொண்டுவந்தாள். கால்நடை முகாமில் ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தார் என்று வந்து நின்றாள். கதிரில் பால் ஏறி இறுகும் பருவத்தில் தட்டையோடு வெட்டி, மிஷினில் பொடிசாக நறுக்கி, வெல்லத் தண்ணீரும் உப்பும் தெளித்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் மிதித்து இறுக்கிக் கட்டினால், கோடை முழுக்கப் பச்சை கெடாமல் இருக்கும். டாக்டர்கள் அதற்கு சைலேஜ் என்று பேர் வைத்திருந்தார்கள். செல்வி அதை ஊறுகாய் என்றாள். அவள் சொன்னதுதான் தெருவில் நிலைத்தது.

அந்தக் கார்த்திகையில் அவள் பைக்குள் இறங்கி மிதித்ததைப் பிச்சைமுத்து பக்கத்தில் நின்று பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். ஓரத்தில் குதிகாலை வைத்து அழுத்தினாள். ஓரத்தில்தான் காற்று ஒளிந்துகொள்ளும் என்றாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

“நான் மிதிக்கிறேன், நீ ஏறு” என்றார்.

“நீங்க மிதிச்சா பை பிஞ்சிரும். சும்மா புடிச்சிக்கிட்டு நில்லுங்க.”

அவள் மூச்சு வாங்கியதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொட்டகை ஓரம் மூட்டைகளை அடுக்கிய விதத்தை மட்டும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கியது அவர். ஆலையில் பழகிய அடுக்கு, ஒரு விரற்கடை பிசகாது.

தை மாதம், மாட்டுப் பொங்கலுக்குச் செவலையின் கொம்புக்கு வர்ணம் அடித்து, அரக்குச் சேலை கட்டிக்கொண்டு படையல் போட்டவள், அடுத்த வாரம் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோவில் ஏற்றினார்கள். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுடைய தலை பிச்சைமுத்துவின் மடியில்தான் இருந்தது. எந்த இடத்தில் போனாள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கருமாதிக்கு வந்த உறவுக்காரப் பெண்கள், அழுத கையோடு பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். செத்தவள் துணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, மூட்டை கட்டிக் கொள்ளிடத்தில் விட்டுவிட வேண்டும் என்றார்கள். இந்த மாதிரி நேரத்தில் ஆளுக்கொரு சட்டம் சொல்ல எங்கிருந்துதான் வருவார்களோ. பிரவீணா இரண்டு சேலைகளை எடுத்துக்கொண்டாள். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிச்சைமுத்து பெட்டியை மூடினார். அந்த அப்புறம் வரவே இல்லை.

பெட்டியில் மேலாக இருந்தது அந்த அரக்குச் சேலை. பொங்கல் கழிந்து வரவிருந்த ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போக, முந்தானையை நீவி மடிப்பு எடுத்து, மடிப்புக் கலையாமல் தோள் பக்கத்தில் ஒரு ஊக்கைக் குத்தி, அப்படியே மடித்து வைத்திருந்தாள். கல்யாணம் நடந்துவிட்டது. சேலை அவள் மடித்தபடியே இருந்தது.

மாசி பிறந்ததும் சுற்றுவட்டாரத்தில் சோளக்காடெல்லாம் அறுப்பாகி மொட்டையாகிவிட்டது. அதுவரை காட்டில் கதிர் தின்று கொழுத்த மயில்களும் காக்கைகளும் மைனாக்களும், பிளாஸ்டிக் பைக்குள் சோளமணி தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டன. காக்கை ஒரு கொத்துக் கொத்தினால் போதும், அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்விடும். ஓட்டையை மயில் வந்து பெரிதாக்கும். மயிலைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்கு வேலும் துணை, சட்டமும் துணை. பிச்சைமுத்து கையைத் தட்டி, தகரத்தைத் தட்டி, தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். அவர் இருமி முடிப்பதற்குள் அவை திரும்பி வந்து உட்கார்ந்தன.

கொத்திய மூட்டை ஒன்றை அவிழ்த்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் கருத்து, வெள்ளைப் பூசணம் படர்ந்து, கெட்ட நாற்றம் அடித்தது. மாட்டுக்குப் போட வழியில்லை. தூரக் கொண்டுபோய்க் கொட்டினார். கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். செல்வி செத்த அன்று அழுத அழுகையைவிட அது பெரிய அழுகை. அவள் கடைசியாகக் கால் வைத்து மிதித்துவிட்டுப் போனது அது. செவலை அப்போது சினை. ஆனியில் கன்று போடும். அதுவரைக்கும் அதன் வயிற்றை நிரப்ப அவள் முன்கூட்டியே செய்துவைத்துவிட்டுப் போனதைக் காக்கை தின்னவிட்டால், அப்புறம் தான் என்ன மனுஷன் என்று அவருக்குப் பட்டது.

ஓட்டைகளுக்கெல்லாம் டேப் ஒட்டினார். வலை வாங்கிப் போர்த்தினார். வலை மூட்டையோடு ஒட்டிக் கிடந்ததால் காக்கைகள் வலைக் கண்ணுக்குள்ளேயே மூக்கை விட்டுக் கொத்தின. நடராசன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பழைய சேல வாங்கிக் கட்டு பிச்ச. காட்டச் சுத்தி எல்லாரும் அதத்தான கட்டுறாங்க. கலர் கலரா காத்துல ஆடுனா மயிலு கிட்ட வராது. டவுன்ல எடை போட்டுக் கொடுக்குறாங்க.”

பிச்சைமுத்து பஸ் ஏறி அரியலூர் போனார். கடையில் பழஞ்சேலைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. எந்தெந்த ஊரில் யார் யார் கட்டியதோ. ஒன்றைக் கையில் எடுத்தார், வைத்தார். செல்வி மிதித்த மூட்டைக்கு முகம் தெரியாதவள் சேலையைப் போர்த்த அவருக்கு மனம் ஒப்பவில்லை. வெறுங்கையோடு வீடு வந்து, பெட்டியைத் திறந்தார்.

ஒவ்வொரு சேலையாக உதறினார். பெண்கள் சேலையில் ஊக்கு இல்லாமல் இருக்காது. தலைப்பில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று என்று விட்ட இடத்தில் விட்டதுதான். எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார். அரக்குச் சேலையை மட்டும் எடுக்கவில்லை. மற்றவற்றை மூட்டைகள் மேல் விரித்து, நுனிகளைக் கயிற்றில் கட்டி, காற்றில் ஆடும்படி விட்டார். ஊதா, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று, செல்வி நடந்த வருஷங்களெல்லாம் கொட்டகை ஓரத்தில் ஆடின.

“என்னப்பா, ஜவுளிக்கடை தொறந்துட்டியா?” என்று நடராசன் கேலி செய்தார். கேட்ட வாயோடு, அவிழ்ந்து கிடந்த ஒரு நுனியை எடுத்துக் கயிற்றில் கட்டினார். அவை யாருடைய சேலைகள் என்று அவருக்கும் தெரியும்.

பறவைகள் விலகின. பிச்சைமுத்து ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துச் செவலைக்குப் போட்டார். புளிப்பும் இனிப்புமாக வாசம் வந்தது. செவலை முட்டி முட்டித் தின்றது. மாடு உடம்பு வைத்தது, தோல் மினுங்கியது. செல்வி வந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

அவிழ்த்த மூட்டையில்தான் தொல்லை. அது தீரும்வரை வாய் திறந்தே இருக்கும். சித்திரையில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், மயில் ஒன்று மெல்லிய சேலையைக் காலால் தள்ளிவிட்டுத் திறந்த வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்து சேலைகள் நைந்துபோயிருந்தன. வாய்க்குக் கனமாக ஏதாவது போட வேண்டும். பிச்சைமுத்து வீட்டுக்குள் போய், வெகுநேரம் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டு, அரக்குச் சேலையை எடுத்து வந்தார்.

ஊக்கைக் கழற்றத்தான் கையை வைத்தார். அதைக் கழற்றினால் மடிப்பு அவிழ்ந்துவிடும். அவள் விரல் ஒவ்வொன்றாக நீவி எடுத்த மடிப்பு. மறுபடி அந்த மடிப்பை எடுக்க யாரால் ஆகும்? இது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று கையை எடுத்துக்கொண்டார். மடித்தது மடித்தபடியே மூட்டை வாய் மேல் பரப்பி வைத்தார். நல்ல கனம். மயிலால் அசைக்க முடியவில்லை. செல்வியே வந்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது அவருக்கு. தினமும் காலையிலும் சாயங்காலத்திலும் அதை ஏந்தி எடுத்துத் தள்ளி வைப்பார், தீவனம் அள்ளுவார், திரும்ப மூடுவார். எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஏதாவது பேசுவார்.

வைகாசியில் ஒரு மழை பெய்தது. அதற்குச் சில நாள் கழித்து, காலையில் சேலை கலைந்து கிடந்தது. காக்கை இழுத்திருக்க வேண்டும். தோள் மடிப்பு அவிழ்ந்து, துணி அந்த இடத்தில் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. ஊக்கைக் காணோம்.

பிச்சைமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. குனிந்து மூட்டையைச் சுற்றித் தரையெல்லாம் தேடினார். கொட்டகை ஓரம், வரப்பு, எருக்குழி என்று தேடினார். மினுக்குகிற பொருள் எதைக் கண்டாலும் காக்கை தூக்கிக்கொண்டு போகும். அதுதான் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு கட்டி, காக்கையை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவிழ்ந்த மடிப்பைத் தன் விரலால் திரும்ப எடுக்கப் பார்த்தார். கோணலாகத்தான் வந்தது. தரையெல்லாம் தேடியவர், திறந்து கிடந்த மூட்டைக்குள் ஒரு பார்வை பார்க்கவில்லை. பசியில் செவலை கத்தியது. ஒரு கூடை அள்ளி, அளைந்து பார்க்காமல் எப்போதும்போலத் தொட்டியில் கொட்டினார்.

ஆனியில் செவலை கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பிச்சைமுத்து பிரவீணாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். சீம்பாலைக் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்தார். செல்வி போன பிறகு அவர் வீட்டில் நடந்த முதல் நல்ல காரியம் அது.

அது நீடிக்கவில்லை. கன்று போட்ட சில நாளிலேயே செவலை தீனியை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பால் வற்றியது. முதுகைக் குறுக்கிக்கொண்டு, முன்னங்கால்களை அகட்டி வைத்து நின்றது. படுக்க மாட்டேன் என்றது. பள்ளத்தில் இறங்கும்போது முனகியது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து ஊசி போட்டார். இளவயது மனிதர், மரியாதையாகப் பேசுகிறவர்.

“தீவனம் என்னங்க போடுறீங்க?”

“ஊறுகாய்ப் புல்லுங்க சார். எங்க வூட்டுல மிதிச்சு வச்சது.”

“பறவை கொத்துனதா? பூசணம் புடிச்சதப் போட்டுட்டீங்களா? அதுல விசம் ஏறியிருந்தாலும் இப்படித்தாங்க படுத்தும். எதுக்கும் அத நிறுத்திருங்க.”

டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிச்சைமுத்துவுக்கு அது நெஞ்சில் குத்தியது. செல்வி மிதித்த ஊறுகாயா செவலையைப் படுத்துகிறது? ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தார். நல்ல வாசம்தான் வந்தது. யாரிடம் போய் அதைச் சொல்வது? தீவனத்தை நிறுத்திவிட்டு வைக்கோல் போட்டார். செவலை அதையும் தொடவில்லை. தாடையின் கீழும் நெஞ்சிலும் நீர் கோத்துத் தொங்கியது. டாக்டர் மறுபடி வந்து, புடைத்திருந்த கழுத்து நரம்பை அழுத்திப் பார்த்தார். நெஞ்சில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னார். நெஞ்சு என்றதும் பிச்சைமுத்து கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஆடி பிறந்த வாரத்தில் செவலை விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவில்லை. கன்று போய் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

நடராசனும் தெரு ஆட்களும் குழி தோண்ட வந்தார்கள். பிச்சைமுத்து டாக்டரை வரச் சொல்லி ஆள் விட்டார். டாக்டர் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அறுத்துப் பாத்துச் சொல்லுங்க சார். அந்த ஊறுகாயாலயான்னு எனக்குத் தெரியணும்.”

“எதுக்குங்க இனிமே? போனது போயிருச்சு.”

“அவ மிதிச்சது சார். அவ மேல பழி வரக் கூடாது.”

டாக்டருக்கு அது விளங்கியதோ இல்லையோ, அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு அறுத்தார். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். பிச்சைமுத்து பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். டாக்டர் வயிற்றில் கிடந்த தீவனத்தை எடுத்து விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

“தீவனம் நல்லாத்தாங்க இருக்கு. இதுல ஒரு குத்தமும் இல்ல.”

பிச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நடராசனைத் திரும்பிப் பார்த்தார். கேட்டாயா என்பது போலப் பார்த்தார்.

டாக்டர் இன்னும் உள்ளே கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். தேனடை போலிருக்கும் இரண்டாவது வயிற்றுக்கும் இதயத்தைச் சுற்றிய பைக்கும் நடுவே எதையோ பற்றி மெதுவாக இழுத்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இதாங்க. சேலைக்குக் குத்துற ஊக்கு. தொறந்துகிட்டு உள்ள போயிருக்கு. கன்னு போட முக்குனப்ப நெஞ்சு வரைக்கும் ஏறிருச்சு. எங்கேருந்து வந்துச்சு, உங்க வூட்டுதா?”

கருத்துத் துருவேறியிருந்தது. வளையத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. செரிக்காத நூல். அரக்கு நிறம் இன்னும் தெரிந்தது.

“எங்க வூட்டுதுதான் சார்” என்றார் பிச்சைமுத்து.

தரையெல்லாம் தேடியது நினைவுக்கு வந்தது. காக்கையைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அந்தக் கூடையை அள்ளிக் கொட்டிய கை அவர் மடியிலேயே இருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் யாருடைய வைக்கோல் போரில் எத்தனை கம்பி கிடந்ததோ, எந்த மாடும் சாகவில்லை. கழற்ற மனம் வராமல் விட்டுவைத்த ஒரே ஒரு ஊக்கு, தேடிப் போய் அந்த மாட்டின் நெஞ்சில்தான் ஏற வேண்டுமா? கடவுள் என்று ஒருவர் இருந்தால் இதற்குப் பதில் சொல்லட்டும்.

குழியில் இறக்குவதற்கு முன்னால் மாட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். மேலே போர்த்தக் கோடித் துணி வாங்கி வர நடராசன் கிளம்பினார். பிச்சைமுத்து அவரை நிறுத்திவிட்டு, கொட்டகை ஓரம் போய் அரக்குச் சேலையை எடுத்து வந்தார். முதலில் துணி முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் போர்த்தினார். மற்ற சேலைகளையும் அன்றே அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தடவி, மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஊக்கைக் குழியில் போடவும் மனம் வரவில்லை, வெளியே வைக்கவும் பயம். செல்வியின் தலைவலி மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அதில் போட்டு, கன்று எட்டாத உயரத்தில் வாசல் நிலைக்கு மேலே வைத்தார்.

சாயங்காலம் பிரவீணா போன் போட்டாள். நடராசன் வீட்டிலிருந்து சேதி போயிருந்தது. அழுதுகொண்டே பேசினாள்.

“என்னப்பா ஆச்சு? நல்லாத்தான இருந்துச்சு?”

“இரும்பு எதோ முழுங்கிருச்சாம் பாப்பா.”

“எந்த இரும்புப்பா?”

பிச்சைமுத்து வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தார். “தெரியல. வைக்கோல்ல கம்பி கிம்பி கெடந்திருக்கும்.”

பிரவீணா சொன்னாள்: “அம்மா இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுப்பா. அம்மா அளைஞ்சு பாக்காம ஒரு பிடி போடாது.”

மகள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அம்மாவை நினைத்துச் சொன்னாள். பிச்சைமுத்துவுக்கும் அது தெரியும்.

“ஆமா பாப்பா” என்றார். “உங்கம்மா இருந்திருந்தா ஆயிருக்காது.”

கன்றுக்கு நடராசன் வீட்டு மாட்டிலிருந்து பால் வந்தது. செல்வி செவலைக்குக் கொடுத்த அதே புட்டி பரண் மேல் இருந்தது. பிச்சைமுத்து அதைக் கழுவி எடுத்துக் கன்றுக்குக் கொடுத்தார். அது அவர் சட்டை நுனியைக் கவ்விச் சப்பியது. புரட்டாசியில் கன்று பச்சையைக் கடிக்க ஆரம்பித்தது. கொட்டகை ஓரம் இன்னும் சில மூட்டைகள் கட்டுப் பிரிக்காமல் நின்றன. மேலே இப்போது எதையும் போர்த்தவில்லை. பகல் முழுக்க அவரே பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து காக்கை விரட்டினார். அவர் இருமினாலே போதும், அவை பறந்துவிடும் என்று நடராசன் சொன்னார். அதற்குப் பிச்சைமுத்துவும் சிரித்தார்.

ஒரு நாள் காலையில் ஒரு மூட்டையை அவிழ்த்தார். புளிப்பும் இனிப்புமாக அதே வாசம் வந்தது. கீழே சாக்கை விரித்து ஒரு கூடை கொட்டி, சப்பணம் போட்டு உட்கார்ந்து விரலால் அளைந்தார். சோளமணி, தட்டைத் துணுக்கு, தோகை. ஒரு பிடி அளைந்து தள்ளி வைத்தார். தள்ளி வைத்ததைத் திரும்ப இழுத்து மறுபடி அளைந்தார். கன்று பசியில் முதுகை முட்டியது. அவர் பொறு பொறு என்று சொல்லிக்கொண்டே அளைந்தார். கண்ணில் நீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. விரலை மட்டும் நம்பித் தேடினார்.

அதற்குள் மயில் ஒன்று வந்து, திறந்து கிடந்த மூட்டை மேல் ஏறி உள்ளே கொத்தத் தொடங்கியது. பின்னாலேயே காக்கைகளும் வந்து உட்கார்ந்தன. பிச்சைமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து விரட்டவில்லை. சாக்கில் இன்னும் ஒரு பிடி அளைய வேண்டியிருந்தது.